ஒபதியா பார்த்த மூன்றாவது நட்சத்திரம்

எப்ராயீமை மண்ணில் வைத்து, துக்க நாட்கள் முடிந்து, வீட்டுக் கண்ணாடிகளை மூடியிருந்த வெள்ளைத் துணிகளை அவன் மனைவி சிம்கா அவிழ்த்து மடித்து அலமாரியில் வைத்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்கே உப்பளத்துப் பாதையில் எப்ராயீம் நடந்து வந்தான். தாடியில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. புதைக்கும்போது உடுத்திவிட்ட வெள்ளை அங்கியில் முழங்கால்வரை சாம்பல். மற்றபடி உயிரோடு இருந்தபோது நடந்த மாதிரியே, வலது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி, வழியில் கிடக்கிற கல்லையும் குறை சொல்கிற முகத்தோடு வந்து, தெருமுனையில் செய்யதுவின் டீக்கடையில் நின்று, "ஒரு டீ போடும். சீனி கொறைச்சு," என்றான்.

செய்யது டீயை ஆற்றி நீட்டினார். "என்ன அண்ணாச்சி, தாடியெல்லாம் பொசுங்கிக் கெடக்கு?"

"அங்கன அப்படித்தான்."

"இன்னிக்கு விட்டுட்டாங்களோ?"

"சபத்துல்லா. தீயை அணைச்சுட்டாங்க."

செய்யது தலையாட்டினார். தங்கள் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை அந்தச் சலுகை உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இவர்களுக்கு வெள்ளி சாய்ந்து சனிக்கிழமை போலிருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் யாருக்கும் வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்குக் கிளாஸ் கழுவப் போனார்.

முத்துக்கழி ஊரில் யூதர்களுக்கு ஒரே ஒரு தெரு. எப்போதோ கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்கள் என்பார்கள். கப்பலின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தெருவின் கிழக்குக் கோடியில் அவர்கள் ஜெபம் செய்கிற பள்ளி, அதற்குப் பின்னால் கடல். மேற்குக் கோடியில் டீக்கடை, அதற்குப் பின்னால் உப்பளம். பள்ளிக்குள் எபிரேயத்தில் ஓதுவார்கள், வெளியே வந்ததும் ஊர்த் தமிழில் சண்டை போடுவார்கள். செத்தவன் நேரே ஏதேன் தோட்டத்துக்குப் போய்விடுவதில்லை, முதலில் கெகின்னோம் என்கிற தீக்கிடங்கில் போட்டு, அழுக்குத் துணியை வெள்ளாவியில் வைக்கிற மாதிரி வைத்து, ஒரு வருஷத்துக்குள் வெளுத்து எடுத்து, அப்புறம்தான் தோட்டத்துக்குள் விடுவார்கள் என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சபத்து என்கிற ஓய்வு நாளில் அங்கே தீ கிடையாது என்பதும் தெரியும். ஆண்டவரே ஓய்ந்திருக்கிற நாளில் விறகு அள்ளிப்போட யார் இருக்கிறார்கள்? அதனால் எப்ராயீம் வந்தது ஒருவருக்கும் அதிசயமாகப் படவில்லை. இத்தனை தலைமுறையாகச் செத்தவர்கள் அந்த ஒருநாளில் வீட்டுக்கு வந்து தலை காட்டாமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அவர்களுக்கு மனத்தாங்கலாக இருந்தது.

"வாசல் தெறந்துதான் கெடக்கு," என்று எப்ராயீம் சொன்னான். "எல்லாவனும் கிடந்த எடத்துலயே உக்காந்து காத்து வாங்குதான். எனக்குப் பசிச்சுது, எந்திரிச்சு வந்துட்டேன்."

சிம்கா வாசலில் நின்று புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை. "காலைக் கழுவிட்டு வாங்க. வீடு மெழுகியிருக்கேன், சாம்பலோட ஏறாதீங்க," என்றாள்.

வயிறு எரிந்தது ஒபதியாவுக்கு மட்டும்தான்.

ஒபதியா கயிற்றுக்கடை வைத்திருந்தார். எப்ராயீமின் எண்ணெய்க்கடைக்கு நேர் எதிரே. எப்ராயீம் செத்த நாளிலிருந்து அவருக்குப் பல வருஷமாக வராத தூக்கம் வந்தது. எரிகிறான், இப்போது எரிகிறான், இந்த நிமிஷமும் எரிகிறான் என்று நினைத்தபடி கண்ணை மூடினால் விடியும்வரை புரண்டுகூடப் படுக்க மாட்டார். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள் என்று கேட்டதும், கையிலிருந்த கயிற்றைத் தரையில் எறிந்தார்.

காரணம் இல்லாமல் ஒரு மனிதன் அப்படி ஆகமாட்டான். ஒபதியாவுக்கு ஒரே மகள், தீனாள். அவள் கல்யாணத்துக்கு ஒபதியா ஊரையே கூப்பிட்டு, சீலா மீன் போட்டார். வடக்கே வஞ்சிரம் என்கிறார்களே, அது. செதிலும் துடுப்பும் இல்லாத மீனை இவர்கள் தொடமாட்டார்கள். சீலாவுக்குச் செதில் உண்டு, ஆனால் பொடிப்பொடியாக, துடுப்புக்குக் கீழே கண்ணாடித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இலை போட்டு, சோறு விழுந்து, மீன் விழுந்து, முதல் கவளத்தை எல்லாரும் உருட்டிக்கொண்டிருக்கையில், எப்ராயீம் பந்தியில் எழுந்து நின்று, மீன் துண்டை உயரத் தூக்கிப் பிடித்து, "ஓய், இதுல செதில் எங்கவே இருக்கு?" என்று கேட்டான். அவ்வளவுதான். கைகள் இலையை விட்டு எழுந்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்கக் காக்கைகள் சீலா மீன் தின்றன. பிறகு பெரியவர் மனாசே ஏடுகளைப் புரட்டி, சீலா ஆகும், தாராளமாகத் தின்னலாம் என்று சொன்னார். சொல்லி என்ன? இலை எடுத்தாயிற்று.

போதாததற்கு, பந்தியை விட்டுப் போகும்போது எப்ராயீம் ஒபதியாவின் காதருகே குனிந்து, ஒருவருக்கும் கேட்காமல், "சோறும் குழைஞ்சு போச்சு," என்றான். அந்த இரண்டாவது பேச்சை ஒபதியா தம் மனைவி லேயாளிடம்கூடச் சொல்லவில்லை. அதை உள்ளேயே வைத்திருந்தார்.

தீனாள் இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். அந்தக் கல்யாண மீனைப் பற்றிக் கேட்டால், "நல்லாத்தானே இருந்துச்சு, நான் ரெண்டு துண்டு தின்னேன்," என்பாள். மறந்துபோகிறவர்களுக்கு உலகத்தில் எல்லாம் சுலபம்.

எப்ராயீம் பள்ளிக்கும் வந்தான். வந்து தன் பழைய இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு ஆட்கள் குறைவு. ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், ஒன்பது பேர் இருந்தார்கள். எப்ராயீமைச் சேர்த்தால் பத்து. சேர்க்கலாமா என்று விவாதம் வந்தது. மனாசே தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்து, செத்தவனுக்குக் கட்டளைகள் கிடையாது, கட்டளை இல்லாதவனைக் கணக்கில் சேர்க்க முடியாது, உட்கார்ந்திருக்கட்டும், ஆனால் அவன் உட்கார்ந்திருக்கிற இடம் காலி இடம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். உப்பளத்துக்கு அப்பாலிருந்து ஓய்வு நாளில் இவ்வளவு தூரம் நடக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். பொழுது சாயுமுன் வந்துவிட்டான், சபத்து முடிந்த பிறகுதான் திரும்பப்போகிறான், ஆகையால் குற்றமில்லை என்று அதற்கும் தீர்ப்பு வந்தது. கடைசியில் பத்தாவது ஆளுக்கு ஒபதியாவையே கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. அவர் வந்து, எப்ராயீமுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். செத்தவர்களுக்காகச் சொல்கிற ஜெபத்தை மனாசே எப்ராயீமுக்காகச் சொன்னபோது, தூணுக்குப் பக்கத்திலிருந்து எப்ராயீமே எல்லார் குரலுக்கும் மேலாக, "ஆமென்," என்றான்.

இனி ஒபதியாவின் உரிமையைச் சொல்ல வேண்டும். சபத்து முடிந்ததென்று அறிவிக்கிறது அவர் குடும்பத்துப் பாத்தியம். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளியின் மொட்டைமாடியில் ஏறி நின்று, வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்து தெரிந்ததும், "மூணும் தெரியுது!" என்று குரல் கொடுப்பார். அவர் குரல் கொடுக்காமல் தெருவில் ஒருவரும் தீக்குச்சி உரசமாட்டார்கள், கடை திறக்கமாட்டார்கள். கொடுத்ததும் கீழே பின்னல் மெழுகுவத்தியைக் கொளுத்தி, கிராம்பை முகர்ந்து, புது வாரத்துக்குள் கால் வைப்பார்கள். அவருடைய அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷங்களில் சபத்து ரொம்ப நீளமாக இருந்தது என்று சொல்வார்கள். ஆனாலும் அவரை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த முதல் சனிக்கிழமை, சிம்கா கனலில் மூடி வைத்திருந்த கோழிச்சோற்றின் கடைசிப் பங்கைப் புருஷனுக்குப் போட்டு, அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கையில், மேற்கே இன்னும் சிவப்பு மாறாமல் இருக்க, கழுத்து வலிக்க அண்ணாந்து தேடிக்கொண்டிருந்த ஒபதியா தேடியதைக் கண்டுபிடித்து, தெருவே அதிரும்படி, "மூணும் தெரியுது!" என்று கத்தினார். எப்ராயீம் எலும்பைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்தான். மேற்கே நடந்தான். உப்பளத்துக்கு அப்பால் ஒரு இடத்தில் வானம் சிவந்தது. அது பொழுது சாய்ந்த சிவப்பு இல்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

வாராவாரம் அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை எப்ராயீம் வருவான். ஆட்கள் சிம்காவின் வாசலில் கூடிவிடுவார்கள். சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் முதலில் நிற்பார்கள். "எங்க சித்தியைப் பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லியே, அங்கன காணல," என்று எப்ராயீம் சொன்னால், கேட்டவர்கள் முகம் மலர்ந்து, நேரே தோட்டத்துக்கே போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டு, அவன் கையில் ஒரு அதிரசத்தைத் திணித்துவிட்டுப் போவார்கள். ஒருவனுக்கு மட்டும், "உங்க மாமனாரு இருக்காரு, என் பக்கத்துலதான்," என்று பதில் கிடைத்தது. அவன் கிட்டே குனிந்து, "ரொம்பக் கஷ்டப்படுதாரா?" என்று கேட்டான். "படுதாரு," என்றான் எப்ராயீம். "சரி," என்று அவன் வீட்டுக்குப் போனான். அவனும் அதிரசம் கொடுத்தான்.

செய்யது பொசுங்கிய தாடிக்கு வேப்பெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் படிந்த அங்கியை வெளுக்க முடியாமல் வண்ணார் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வெளுக்கிற இடம் வேறே என்றார். எல்லாம் பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான்: சனிக்கிழமை சாயங்காலம் ஒபதியாவின் குரல்.

"அந்த மனுஷன் சாப்பிட்டு முடிக்குறதுக்குள்ள கத்தணுமா?" என்று லேயாள் கேட்டாள்.

"மூணு தெரிஞ்சா தெரிஞ்சதுதான்."

"மத்த ஊர்லல்லாம் கொஞ்சம் தாமதிச்சு முடிப்பாங்களாம். கீழ கெடக்குறவங்களுக்குக் கூடக் கொஞ்சம் மூச்சு கெடைக்கட்டும்னு. மனாசே அண்ணாச்சி சொன்னாரு."

"மத்த ஊர்ல எப்ராயீம் இல்லை."

லேயாள் அன்றைக்கு அவருக்கு மோர் ஊற்றவில்லை. தெருவில் பெண்கள் அவர் கடைக்கு முன்னால் வரும்போது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போனார்கள். மனாசே வந்து, நீதிமான்களுக்குத் தோட்டத்தில் நடக்கப்போகிற பெரிய விருந்தைப் பற்றி, அங்கே லிவியாதான் என்கிற பெரிய மீனை ஆண்டவரே பரிமாறப்போவதைப் பற்றி, அந்தப் பந்தியில் மனஸ்தாபத்தோடு ஒருவனும் உட்கார முடியாது என்பதைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

"அங்கேயும் எந்திரிச்சு நின்னு, செதில் எங்கன்னு கேப்பான்," என்றார் ஒபதியா.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒபதியா மொட்டைமாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கையில், படியில் காலடிச் சத்தம் கேட்டது. வலது காலை வெளியே தள்ளி ஏறுகிற சத்தம். எப்ராயீம் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். புகை வாசனை அடித்தது.

"என்னவே," என்றான் எப்ராயீம், "நீரு குரல் கொடுத்தாத்தான் எங்க தெருக்காரனுக்கு அங்கன தீ மூட்டுதான், தெரியுமா? மத்த ஊருக்காரன்லாம் இன்னும் உக்காந்திருப்பான், எங்க மூலைல மட்டும் பத்தவெச்சிருவான்."

ஒபதியாவுக்கு மனசுக்குள் தேன் ஊறியது. "அப்படியா? ரொம்பச் சூடோ?"

"சித்திரை மாசம் மத்தியானம் உப்பளத்துல செருப்பில்லாம நிக்க மாதிரி. பழகாது. பழகிரும்னு சொல்லுதானுவ, பொய்."

"என்னத்துக்கு உள்ள போட்டான் உம்மை? எண்ணெயில கலப்படமா?"

எப்ராயீம் அங்கியிலிருந்த சாம்பலைத் தட்டினான். பிறகு, "அதுல்லாம் ரெண்டு மூணு மாசத்துலயே வெளுத்துருச்சு. இப்ப ஒரே ஒரு விஷயம்தான். உம்ம மக கல்யாணம்," என்றான்.

ஒபதியா திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் முதல்தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். "பாத்தீரா? அங்கேயே சொல்லிட்டான். செதில் இருந்துச்சுன்னு."

"இருந்துச்சுன்னு யாரு சொன்னா? அதைப் பத்திப் பேச்சில்லை. எந்திரிச்சு நின்னு கேட்டேன்ல, அதுதான். நாலு பேரு முன்னால மனுஷன் முகத்தை வெளுக்க வெச்சா, அது ரத்தம் சிந்தினதுக்குச் சமமாம்."

"அப்பக் கேளும் மன்னிப்பு."

"செதில் இல்லாத மீனுக்கா?"

"இருந்துச்சுவே!"

"காட்டினீரா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மீனில் ஆரம்பித்து, எண்ணெய்க்கடை வாசலில் ஒபதியா கயிற்றுச்சுருளை உருட்டிவிட்ட கதைக்குப் போய், யார் அப்பா யாரை முதலில் முறைத்தார் என்பதற்குப் போய், மறுபடியும் மீனுக்கு வந்தார்கள். நடுவில் எப்ராயீம், தோட்டத்துக்கும் கெகின்னோமுக்கும் நடுவில் ஒரு சாண் சுவர்தான் என்றும், அந்தப் பக்கம் ஒரே பேச்சுச் சத்தம், நாள் முழுக்க ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒருத்தருக்கொருத்தர் வாதம், அது என்ன என்று தெளிவாகக் கேட்காமல் போகிறதே என்பதுதான் தீயைவிடப் பெரிய வேதனை என்றும் சொன்னான். ஒபதியா பதில் சொல்ல வாயெடுத்தபோது கீழேயிருந்து யாரோ இருமினார்கள். அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்க அரிசி இறைத்த மாதிரி நட்சத்திரங்கள்.

அவசரமாக, "மூணும் தெரியுது!" என்றார்.

மறுநாள் சிம்கா ஒரு தட்டில் பலகாரம் அனுப்பினாள். தெருப் பெண்கள் முந்தானையைத் தளர்த்தினார்கள். மனாசே கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒபதியாவுக்கு எரிச்சலாக வந்தது. இரக்கப்பட்டுத் தாமதித்தார் என்று நினைக்கிறார்கள், தாம் சொல்ல வந்ததை முடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அடுத்த சனிக்கிழமை முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் முடியவில்லை. எப்ராயீம் ஒரு பேச்சு பேசினால் அதற்குப் பதில் தேடுவதிலேயே ஒபதியாவுக்கு வாரம் முழுக்கப் போனது. கடையில் கயிறு அளந்துகொண்டே தமக்குள் சிரிப்பார். வியாழக்கிழமை வந்தால் லேயாளிடம் சும்மா சும்மா, "இன்னிக்கி என்ன கிழமை?" என்று கேட்பார். சபத்து அந்தத் தெருவில் நீண்டு நீண்டு, பக்கத்துத் தெருவில் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில்தான் முடிந்தது.

"அங்கன உம்ம பேரு பெரிசாயிட்டுவே," என்றான் எப்ராயீம். "எங்க மூலைக்கு இடம் மாத்திக் கேட்டு அடுத்த ஊருக்காரன்லாம் வாரான்."

"எனக்கென்ன வந்துச்சு," என்றார் ஒபதியா. அன்றைக்கும் நன்றாகத் தூங்கினார். எரிகிறான் என்று நினைக்காமலே தூங்கினார் என்பதை விடிந்த பிறகுதான் கவனித்தார்; கவனித்ததும் கோபம் வந்தது.

எப்ராயீம் செத்து வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கையில் சிம்கா கயிற்றுக்கடைக்கு வந்தாள். மனாசேயையும் கூட்டி வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த சபத்துதான் கடைசி," என்றாள். "வெளுத்தவங்களை மேல அனுப்பிட்டு, வெளுக்காதவங்களைக் கீழ இன்னொரு தளத்துக்கு எறக்கிருவாங்களாம். அங்கன சபத்துக்கும் வாசல் தெறக்காதாம். என்கிட்ட மறைச்சுட்டாரு. நேத்து வாயைக் கிண்டி வாங்கினேன்."

ஒபதியா மனாசேயைப் பார்த்தார். மனாசே தலையை ஆட்டினார். "பலபேர் முன்னால ஒருத்தன் முகத்தை வெளுக்க வெச்சவன் எறங்குவான், ஏறமாட்டான். அந்த ஒருத்தன் விட்டுக்கொடுத்தா ஏறலாம்."

"நான் விட்டுட்டா அவன் போயிருவான்," என்றார் ஒபதியா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"போயிருவாரு," என்றாள் சிம்கா. "எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வேண்டாமா அண்ணாச்சி? தட்டு போட்டு எதிர உக்காந்து பாக்கிறது எனக்கு வேண்டாமா? ஆனா நீங்க விடலைன்னாலும் இனி வெள்ளிக்கிழமை கெடையாது, அவரு ஏழு நாளும்லா வேகணும்?"

ஒபதியா ஒரு கயிற்று நுனியைப் பிரித்து, மறுபடி முறுக்கினார். "நாலு பேரு முன்னால சொன்னதுக்கு நாலு பேரு முன்னால கேக்கட்டும். கேட்டா விடுதேன். கேக்காம விட்டா அது விட்டதா ஆகாது. என்ன, சட்டம் அதுதானே?"

மனாசே அதற்கும் தலையை ஆட்ட வேண்டியதாயிற்று.

"அவரு கேக்க மாட்டாரு," என்றாள் சிம்கா. "செதில் இல்லன்னு நெனைக்கிற மீனுக்கு, தீக்குப் பயந்து செதில் இருந்துச்சுன்னு சொல்ற ஆளா அவரு? உங்களுக்குத் தெரியாதா அவரை?"

தெரியும். ஒபதியாவைவிட நன்றாக ஒருவருக்கும் தெரியாது.

அவள் போன பிறகு லேயாள் உள்ளேயிருந்து வந்தாள். "அன்னிக்கி மீன்ல செதிலை யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

"என்ன எடுத்தா?"

"துண்டு போடுற மீன்ல ஒரு கை அகலத்துக்குத் தோலும் செதிலுமா விட்டு வெக்கணும், பந்தியில உள்ளவன் கண்ணால பாக்கணும்னுதானே நம்ம வழக்கம்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் முன்னால பளபளன்னு இருக்கணும்னு, ஒரு பொட்டுச் செதில் இல்லாமச் சொரண்டுன்னு சமையக்காரன் தலைமேல நின்னது யாரு?"

ஒபதியா எழுந்து கடையின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இருட்டும்வரை அங்கேயே நின்றார். இந்த விஷயத்தை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசிச் சபத்தின் சாயங்காலச் சாப்பாட்டைத் தெருவே பள்ளி முற்றத்தில் சேர்ந்து சாப்பிடுவதென்று பெண்கள் முடிவுசெய்தார்கள். ஆண்களை யாரும் கேட்கவில்லை. லேயாள் வெள்ளிக்கிழமையே சீலா மீனைப் பொரித்துக் காடியில் ஊறப்போட்டிருந்தாள். பாய் விரித்து, இலை போட்டு, எப்ராயீமை நடுவில் உட்கார வைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டுச் செய்யதுவும் உட்கார்ந்திருந்தார். எப்ராயீமின் இலையில் மீன் விழுந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். தொடவில்லை.

மேலே மாடியில் ஒபதியா தனியாக நின்றார். கடல்மேல் முதல் நட்சத்திரம் வந்தது. பள்ளிக் கூரைக்கு மேலே இரண்டாவது. தென்னை மட்டைகளுக்கு நடுவில், ஈரமாக, பெரிதாக, மூன்றாவது. முற்றத்தில் எல்லாரும் அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள். எப்ராயீம் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனான்.

"ரெண்டுதான் தெரியுது," என்றார் ஒபதியா.

மனாசே தரையைப் பார்த்தார். நான்காவது நட்சத்திரம் வந்தது, ஐந்தாவது வந்தது, பிறகு எண்ண முடியாதபடி வந்தன. ஒபதியா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டுதான்," என்றார் மறுபடியும். வாழ்நாளில் நட்சத்திரத்தில் பொய் சொல்லாத மனிதர். அவருடைய அப்பா புரை விழுந்த கண்ணோடும் சொல்லாத பொய். பனை உயரத்துக்கு ஏறியிருந்த நிலா எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. உப்பளத்துப் பக்கம் இருட்டாகவே இருந்தது. அங்கே எந்த மூலையிலும் தீ மூட்டவில்லை.

எப்ராயீம் மாடியை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கும் கண் இருக்கிறது. அவனும் வானத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தான். மீன் துண்டைக் கையில் எடுத்தான். நிலா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துடுப்புக்குக் கீழே லேயாள் ஒரு கை அகலத்துக்குத் தோலை விட்டு வைத்திருந்தாள். நகத்தால் கீறினான். நகநுனியில் மினுக்கென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தான். துண்டைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, முள்ளை எடுத்து இலையோரம் வைத்து, முழுவதையும் தின்று முடித்தான்.

பிறகு எழுந்து நின்றான். அன்றைக்குப் பந்தியில் நின்ற மாதிரியே நின்றான்.

"ஓய் ஒபதியா! செதில் இருக்குவே!"

ஒபதியா சுவருக்கு மேலே குனிந்து கீழே பார்த்தார்.

"இந்த மீன்ல இருக்கு. அந்த மீன்ல நான் பாக்கலை, அதுனால அதைப் பத்திச் சொல்லமாட்டேன். ஆனா அன்னிக்கி நான் எந்திரிச்சிருக்க வேண்டாம். உம்ம காதுல வந்து கேட்டிருக்கலாம். உம்ம முகம் வெளுத்ததைப் பாத்தேன். பாத்த பெறவும் உக்காரலை. அதுக்கு, இத்தனை பேரு முன்னால கேக்கேன். மன்னிச்சிரும்வே."

ஒபதியா திரும்பிக் கடலைப் பார்த்தார். இந்த நாளுக்காக அவர் எவ்வளவோ பேச்சுத் தயாராக வைத்திருந்தார், கடையில் கயிறு அளக்கையில் ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்திருந்தார். அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"மீனை விட்டுட்டேன்," என்றார்.

சிம்கா சேலை நுனியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எப்ராயீமின் தாடியில் பொசுங்கியிருந்த பக்கம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, வெள்ளையாக அடர்ந்து வந்தது. அங்கியிலிருந்த சாம்பல் உதிர்ந்து பாயில் விழுந்தது. லேயாள் அதைக் கையால் கூட்டி ஓரத்தில் தள்ளினாள்.

எப்ராயீம் சிம்காவிடம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்யதுவின் கையைப் பிடித்தார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்து, "பெரிய விருந்துல அந்த லிவியாதானுக்குச் செதில் இருக்கான்னு முன்னாலயே போயிப் பாத்து வெக்கேன். உமக்கு எம் பக்கத்துல இடம் போடவா?" என்றார்.

"பக்கத்துல வேண்டாம். எதிர்ல போடும்."

"எதிர்லயா? எதுக்குவே?"

"மீனை விட்டுட்டேன்னுதான் சொன்னேன்," என்றார் ஒபதியா. "போகும்போது எங்காதுல வந்து சோறு குழைஞ்சு போச்சுன்னு சொன்னீரே, அதை விட்டேன்னு சொன்னேனா? அது யாரு முன்னாலயும் சொல்லலை, அதுனால உம்ம கேஸ்ல அது வராது. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள. அதை நான் அங்க வந்து முகத்துக்கு நேரா கேக்கேன்."

எப்ராயீம் சிரித்த சிரிப்பைத் தெரு அதுவரை கேட்டதில்லை. "குழைஞ்சுதான் இருந்துச்சு," என்றார்.

"வாரேன், இரும்," என்றார் ஒபதியா. அண்ணாந்து பார்த்து, தொண்டையைச் செருமி, அவருடைய அப்பாவும் தாத்தாவும் கொடுத்ததைவிடப் பெரிய குரலில், "மூணும் தெரியுது!" என்று கத்தினார்.

கீழே பின்னல் மெழுகுவத்தி எரிந்தது. கிராம்பு மணத்தது. எப்ராயீம் மேற்கே திரும்பவில்லை. பள்ளிக்குப் பின்னால், கிழக்கே, கடலைப் பார்க்க நடந்தார். வலது காலை வெளியே தள்ளி மணலில் நடந்து, அலையைக் குறை சொல்கிற முகத்தோடு அதைத் தாண்டி, நிலா வெளிச்சம் விழுந்திருந்த தண்ணீர்மேல் தொடர்ந்து நடந்து போனார். அங்கே எங்கேயோ நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சிம்கா பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டாள். சபத்து அந்தத் தெருவில் இன்றைக்கும் மற்ற எல்லா ஊரையும்விடத் தாமதமாகத்தான் முடிகிறது. கீழே இடம் மாற்றிக் கேட்டு வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்கிறார் ஒபதியா. வெள்ளிக்கிழமை ஆனால் அடுப்படி வாசலில் வந்து நின்று, "சோறு குழையக் கூடாது, வெறைச்சு எடு, வெறைச்சு எடு," என்று லேயாளை அரிக்கிறார். ஒரு பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். சனிக்கிழமை சாயங்காலம், வானம் முழுக்க நட்சத்திரம் வந்த பிறகும், மாடியில் அவர் யாருடனோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பது கீழே உள்ளவர்களுக்குக் கேட்கும். இடையிடையே நிறுத்துவார், எதிராளி என்ன பதில் சொல்வான் என்று யோசிப்பார், சிரிப்பார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்: "அன்னிக்கி அந்தச் சோறு இருக்குல்லவே..."